எந்தக் கார் 2050இல் ஸ்டார்ட் ஆகும்?

இன்று சாலையில் ஓடும் நவீனக் கார்களில் எவை முப்பது ஆண்டுகள் கழித்து கிளாசிக் என்று கொண்டாடப்படும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் ஒரு பட்டியல்தான். குறைந்த எண்ணிக்கையில் தயாரானவை, ஆற்றல் மிகுந்த என்ஜின் கொண்டவை, தோற்றத்தில் தனித்து நிற்பவை என்று பத்துக் கார்கள் அதில் இருக்கும். அத்தகைய பட்டியல்கள் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவை ஒரு முன்நிபந்தனையைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. கொண்டாடப்படும் நாளில் அந்தக் கார் ஓடவேண்டும். பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபீவா, வரலாற்று வாகனம் என்பது குறைந்தது 30 ஆண்டு வயதுடையதாகவும், அதன் காலத்துக்கு உண்மையான நிலையில் பேணப்பட்டதாகவும் இருக்கவேண்டும் என்கிறது. வயது தானாக வந்துவிடும். பேணுவதில்தான் சிக்கல் இருக்கிறது.

1960களின் கார் ஒன்றைப் பிரித்தால் கிடைப்பவை உலோகம், ரப்பர், கண்ணாடி, தோல், செப்புக் கம்பி போன்றவைதான். அவற்றில் எந்த உலோகப் பாகம் பழுதானாலும், அளவெடுத்து மறுபடி செய்துகொள்ளத் திறமையான ஒரு லேத் தொழிலாளி போதும். எவ்வளவு பெட்ரோல் போகவேண்டும் என்பதை, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் துளைக்கப்பட்ட ஒரு சிறு துளையின் விட்டமே தீர்மானித்தது. அந்தத் துளை நாற்பது ஆண்டுகள் கழித்தும் துளையாகவே இருக்கும். நவீனக் காரில் அந்த முடிவை எடுப்பது இ.சி.யூ. எனப்படும் கணினி. எந்த வேகத்தில், எந்த வெப்பநிலையில், எவ்வளவு காற்று உள்ளே வரும்போது எத்தனை மில்லி விநாடி எரிபொருள் பீய்ச்சவேண்டும், பொறி எப்போது பறக்கவேண்டும் என்பதெல்லாம் அதற்குள் எண் அட்டவணைகளாக எழுதப்பட்டிருக்கின்றன. அந்த எண்கள் அழிந்துவிட்டால் மிகச் சிறந்த என்ஜினும் வெறும் உலோகக் கட்டிதான்.

ரப்பர் வாஷர்கள் இறுகுவது, இருக்கை நுரை ஈரப்பதத்தால் பொடியாவது, மின்சுற்றுப் பலகையில் மின்னூட்டத்தைச் சேமிக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் வறண்டுபோவது அல்லது கசிவது ஆகியவையும் முதுமையின் அறிகுறிகளே. ஆனால் இவை அனைத்தையும் மாற்றிவிடலாம். கெப்பாசிட்டர் கடையில் கிடைக்கும் பொருள். சால்டரிங் கோல் பிடிக்கத் தெரிந்த எவரும் அதை மாற்றுவார்கள். கடையில் வாங்க முடியாத ஒன்று, அந்தக் காருக்கென்றே எழுதப்பட்ட எண்கள். அவை எங்கே, எப்படி இருக்கின்றன என்பதைத்தான் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும், ஏனென்றால் இயற்பியலில் இவ்வளவு அழகான ஏற்பாடுகள் அதிகம் இல்லை.

அந்த எண்கள், மின்சாரம் இல்லாதபோதும் தகவலை வைத்திருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் உள்ளன. இதன் அடிப்படையான ஃபுளோட்டிங் கேட் என்ற அமைப்பை 1967இல் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங், சைமன் சே ஆகிய இருவரும் உருவாக்கினார்கள். 1980களில் தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோகா அதிலிருந்து ஃபிளாஷ் நினைவகத்தைப் படைத்தார். ஒவ்வொரு செல்லும் ஒரு டிரான்சிஸ்டர். சாதாரண டிரான்சிஸ்டரில் இல்லாத ஒன்று இதில் உண்டு: எந்தக் கம்பியோடும் இணைக்கப்படாமல், எல்லாப் பக்கமும் சிலிக்கான் டை ஆக்சைடு என்ற மின்கடத்தாப் பொருளால் மூடப்பட்ட மிகச் சிறிய பாலிசிலிக்கான் துண்டு. அதற்குள் எலக்ட்ரான்கள் அடைபட்டிருந்தால் டிரான்சிஸ்டர் திறக்கக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படும். அவை இல்லாவிட்டால் குறைந்த அழுத்தத்திலேயே திறந்துவிடும். 0, 1 என்ற வேறுபாடு அவ்வளவுதான்.

கம்பியே இல்லாத அறைக்குள் எலக்ட்ரான் எப்படி நுழைகிறது? அடியில் உள்ள ஆக்சைடு படலத்தின் தடிமன் 10 நானோமீட்டரை ஒட்டியது. அதன் குறுக்கே சுமார் 10 வோல்ட் மட்டுமே விழுந்தாலும், படலம் இவ்வளவு மெல்லியது என்பதால், மின்புலம் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கோடி வோல்ட் என்ற அளவை எட்டுகிறது. சாதாரணக் காற்று ஒரு சென்டிமீட்டருக்கு 30,000 வோல்ட்டிலேயே உடைந்து பொறி பறக்கவிடும் என்பதை நினைத்தால் இதன் கடுமை புரியும். இவ்வளவு கடுமையிலும் பல சிப்களில் எலக்ட்ரான் அந்தச் சுவரைத் தாண்டிக் குதிப்பதில்லை, ஊடுருவிச் செல்கிறது. எலக்ட்ரான் ஓர் அலையும்கூட என்பதால், சுவரின் மறுபக்கத்தில் அது காணப்படுவதற்கு மிகச் சிறிய வாய்ப்பு எப்போதும் உண்டு. மின்புலம் அந்த ஆற்றல் சுவரைச் சாய்த்து ஆப்புபோல ஆக்கிவிட, எலக்ட்ரான் கடக்கவேண்டிய தடிமன் சில நானோமீட்டராகக் குறைந்து, வாய்ப்பு பல கோடி மடங்கு பெருகுகிறது. எழுதி முடித்து மின்னழுத்தத்தை நீக்கியதும் சுவர் மறுபடி முழுத் தடிமனோடு நிமிர்ந்துவிடுகிறது. ஊடுருவும் வாய்ப்பு தடிமனைப் பொறுத்து அடுக்குக்குறி வேகத்தில் சரிவதால், உள்ளே போன எலக்ட்ரான்கள் மின்சாரமே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கின்றன. ஒரு கார் தன் குணத்தை நினைவில் வைத்திருப்பது, குவாண்டம் இயற்பியலின் ஒரு கதவை ஒரு கணம் திறந்து மூடுவதால்தான் என்பதை நான் எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் வியப்பு அடங்குவதில்லை.

குறையே இல்லாத ஆக்சைடாக இருந்தால் அந்த எலக்ட்ரான்கள் நம் எவருடைய வாழ்நாளிலும் வெளியேறா. ஆனால் ஒவ்வொரு முறை எழுதும்போதும் அழிக்கும்போதும் அந்தக் கடுமையான மின்புலம் படலத்தினுள் சில வேதிப் பிணைப்புகளை அறுத்துவிடுகிறது. அறுந்த இடங்களில் எலக்ட்ரான் தங்கிச் செல்லக்கூடிய கண்ணிகள் உருவாகின்றன. ஒரே தாவலில் கடக்க முடியாத ஓடையின் நடுவில் ஒரு கல் கிடைத்தால் இரண்டு தாவலில் கடந்துவிடலாம் அல்லவா, அதைப்போல எலக்ட்ரான் முதலில் கண்ணிக்கு, பிறகு அங்கிருந்து வெளியே என்று இரண்டு கட்டமாக ஊடுருவுகிறது. தூரம் பாதியாகும்போது வாய்ப்பு இரட்டிப்பாவதில்லை. பல்லாயிரம், பல லட்சம் மடங்காகிறது. வெப்பமும் இதை விரைவுபடுத்துகிறது. இத்தகைய சிப்களுக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் 1.1 எலக்ட்ரான் வோல்ட் என்ற ஆற்றல் மதிப்பை, வெப்பம் ஒரு மாற்றத்தை எவ்வளவு விரைவுபடுத்தும் என்று கணக்கிடும் அர்ரீனியஸ் சமன்பாட்டில் இட்டால், 25 டிகிரியில் இருக்கும் சிப்பைவிட 55 டிகிரியில் இருக்கும் சிப் சுமார் 50 மடங்கு வேகமாக மறக்கும் என்று வருகிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு பிறக்கிறது. அதிக முறை எழுதப்பட்ட நினைவகம் விரைவில் மறக்கும். தொழிற்சாலையில் ஒரே ஒரு முறை எழுதிவிட்டுப் பிறகு படிக்க மட்டும் செய்த நினைவகம் நெடுங்காலம் தாங்கும். ஆகவே என்ஜினை இயக்கும் இ.சி.யூ.வைவிட, ஓயாமல் எதையாவது பதிவு செய்துகொண்டே இருக்கும் டாஷ்போர்டுத் திரைதான் முதலில் சாகும். டெஸ்லாவின் பழைய மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களில் இதுவே நடந்தது. நடுத்திரையின் கணினியில் இருந்த 8 ஜிபி ஃபிளாஷ் சிப், இடைவிடாத பதிவுகளால் சுமார் 5, 6 ஆண்டுகளிலேயே தேய்ந்துபோனது. பின்புறக் கேமரா, கண்ணாடியில் படியும் பனியை நீக்கும் கட்டுப்பாடு, இண்டிகேட்டர் ஒலி எல்லாம் அதோடு போயின. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் வலியுறுத்தியதை அடுத்து, 2021 பிப்ரவரியில் ஏறத்தாழ 1,35,000 கார்கள் பழுதுநீக்கத்துக்குத் திரும்ப அழைக்கப்பட்டன. மோட்டாருக்கும் பேட்டரிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கார் சேகரிப்பவர்களிடையே வேரூன்றிய ஒரு நம்பிக்கையையும் இங்கே மறுத்தாகவேண்டும். புதிதாக வாங்கி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், பேட்டரி இணைப்பைக் கழற்றிப் பூட்டி வைத்த கார் முதுமை அடைவதில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். இயற்பியல் அப்படிச் சொல்லவில்லை. எலக்ட்ரான் கசிவதற்குப் பேட்டரி இணைப்பு தேவையில்லை. மாறாக, மின்சாரம் கிடைக்கும்போது சில வகை நினைவகங்கள் தம்மைத் தாமே சரிபார்த்து, மங்கிவரும் பகுதிகளைத் திருத்தி மறுபடி எழுதிக்கொள்கின்றன; இணைப்பைக் கழற்றினால் அந்தப் பராமரிப்பும் நின்றுவிடும். குளிர்ந்த இடத்தில் நிறுத்தி, அவ்வப்போது உயிர்ப்பித்து ஓட்டப்படும் கார்தான் உண்மையில் பேணப்படும் கார்.

எண்கள் மங்குவதற்கு முன்பே அவற்றைப் படித்தெடுத்துப் புதிய சிப்பில் எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். தீரும், பூட்டு இல்லாத வரை. 1980களிலும் 1990களிலும் வந்த பல இ.சி.யூ.க்களில் சிப்பைக் கழற்றி நகலெடுத்துவிடலாம். ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்களுக்கு, உரிய சாவி இல்லாமல் என்ஜினை இயங்கவிடாத இம்மொபிலைசர் கட்டாயமாயிற்று. பிறகு கணினிகள் ஒன்றையொன்று அடையாளம் கண்ட பிறகே இயங்கும் ஏற்பாடு பெருகியது. அண்மைக் கார்களின் சிப்களில் ரகசியக் குறியீட்டுச் சாவிகள் வெளியே படிக்கவே முடியாதபடி பதிக்கப்படுகின்றன. திருட்டைத் தடுப்பதற்கு அது நல்ல ஏற்பாடு. பேணுவோருக்கு அது சுவர். 106 மட்டுமே தயாரான மெக்லாரன் எஃப்1 காரைப் பழுதுபார்க்க, 1990களின் காம்பாக் மடிக்கணினி ஒன்றையே அந்த நிறுவனம் நீண்ட காலம் காப்பாற்றி வைத்திருக்க நேர்ந்தது, ஏனென்றால் காரோடு பேசும் தனிவகை அட்டை அந்தக் கணினியில்தான் பொருந்தும். பல கோடி மதிப்புள்ள கார் என்பதால் அந்த அக்கறை கிடைத்தது. சாதாரணக் காருக்கு அதை யார் செய்வார்கள்?

ஆய்வு நிதி ஒதுக்குவோர் மீது எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. தயாரிப்பாளரின் ஆர்வம் உத்தரவாதக் காலத்தோடும், உதிரிபாகம் வழங்கவேண்டிய சில ஆண்டுகளோடும் முடிந்துவிடுகிறது. நாற்பதாம் ஆண்டில் ஒரு கட்டுப்பாட்டுப் பலகை என்ன ஆகும் என்று ஆராய்வதால் எந்த நிறுவனத்துக்கும் லாபம் இல்லை; ஆகவே அந்தக் கேள்வியைப் பொதுப் பணத்தில்தான் ஆராயவேண்டும். ஓவியத்தின் வண்ணம் மங்காமல் காப்பதற்கு அருங்காட்சியகங்களில் ஆய்வகங்கள் இருக்கின்றன. நம் காலத்தின் மிகச் சிக்கலான கைவினைப் பொருளைக் காப்பதற்கும் அத்தகைய ஆய்வகங்கள் வேண்டும் என்று கேட்பது ஆடம்பரம் ஆகாது.

இனி வாசகரின் கேள்விக்கு வருகிறேன். என் முதல் தேர்வு ஹோண்டா எஸ்2000. 1999 முதல் 2009 வரை, ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் தயாரானது. டர்போ இல்லாத அதன் இரண்டு லிட்டர் என்ஜின் முதல் வடிவில் நிமிடத்துக்கு 9,000 சுற்றுகள் வரை போகும். 2006க்கு முந்தைய கார்களில் ஆக்சிலரேட்டர் மிதியிலிருந்து என்ஜினுக்குக் கம்பி வடமே செல்கிறது. என்ஜின் கணினி மற்ற கணினிகளைப் பெரிதும் சார்ந்திராததால், அது இறந்தால் வேறு இ.சி.யூ. ஒன்றைப் பொருத்திவிட முடியும். மாஸ்டா எம்எக்ஸ்-5 அடுத்தது. 1989இல் வந்த இந்தக் கார் 2016இல் பத்து லட்சத்தைத் தாண்டியது. அரிதானது அல்ல என்று சேகரிப்பவர்கள் ஒதுக்கக்கூடும். ஆனால் எண்ணிக்கையே அதன் ஆயுள், ஏனெனில் உதிரிபாகம் செய்வதற்கும் மென்பொருளை அவிழ்ப்பதற்கும் ஆயிரக்கணக்கானோர் இருப்பார்கள். முதல் தலைமுறைக் கார்களைப் புதுப்பித்துத் தரும் சேவையை மாஸ்டா 2017இல் ஜப்பானில் அறிவித்ததும் சாதகம்.

லெக்ஸஸ் எல்எஃப்ஏ பற்றி எனக்குக் கவலை உண்டு. 500 மட்டுமே தயாரான அந்தக் காரின் 4.8 லிட்டர் வி10 என்ஜின், சும்மா ஓடும் நிலையிலிருந்து 9,000 சுற்றுகளுக்கு 0.6 விநாடியில் ஏறிவிடும் என்பதால், சுற்றுகளைக் காட்டும் சாதாரண ஊசிமுள்ளால் அந்த வேகத்தைப் பின்தொடர முடியாது என்று திரையில் வரையப்பட்ட முள்ளை வைத்தார்கள். அதன் மிகப் புகழ்பெற்ற அந்தப் பாகமே முதலில் முதுமை அடையக்கூடிய பாகமாகவும் இருக்கிறது. அதன் விலையே அதைக் காப்பாற்றும் என்று நம்பலாம். 2020இல் வந்த டொயோட்டா ஜிஆர் யாரிஸ், ராலி பந்தயத்துக்கென்றே பிறந்த 1.6 லிட்டர் மூன்று சிலிண்டர் கார். தகுதி எல்லாம் இருக்கிறது. ஆனால் அது பூட்டுகளின் காலத்துக் கார். பழைய சுப்ராவுக்கு 2020 முதல் உதிரிபாகங்களை மறுபடி செய்துவரும் டொயோட்டா, மென்பொருளுக்கும் அதே அக்கறையைக் காட்டுமா என்பதில்தான் அதன் எதிர்காலம் இருக்கிறது.

மின்கார்களில் பேட்டரி எப்படியும் தேயும் என்பதால், அதை மாற்ற முடிகிற கார்களையே பார்க்கவேண்டும். பிஎம்டபிள்யூ ஐ3 காரின் பயணிகள் கூண்டு கார்பன் இழையால் ஆனது, துருப்பிடிக்காது. 2013 முதல் 2022 வரை அதன் பேட்டரி செல் 60, 94, 120 ஆம்பியர் மணி என்று வளர்ந்தபோதும் வெளியளவு மாறவில்லை. அதையும்விட எனக்கு நம்பிக்கை தருவது டெஸ்லாவின் முதல் ரோட்ஸ்டர். சுமார் 2,450 கார்களே தயாராயின. அதன் பேட்டரி, மடிக்கணினிகளில் இருந்த 18650 என்ற பொது அளவுச் செல்கள் 6,831 சேர்ந்தது. அந்த அளவில் செல் செய்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். 2023 நவம்பரில் அந்தக் காரின் மின்சுற்று வரைபடங்கள் உள்ளிட்ட வடிவமைப்பு ஆவணங்களை நிறுவனமே பொதுவெளியில் வைத்தது. ஒரு கட்டுப்பாட்டுப் பலகை மறதியால் செத்துப்போனாலும், அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு புதிய பலகை ஒன்றைச் செய்யத் தொடங்கலாம்.