ரீசெட் பட்டனில் கை வைக்கும் முன்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கம் ஒரே அறையில் நாலைந்து பழைய பிசி, ஒரு ஸ்விட்ச், மூலையில் நெட்வொர்க் வழியே கோப்பு பகிரும் ஒரு என்எஃப்எஸ் சர்வர் என்று வைத்துக்கொண்டு லினக்ஸின் ஆர்சி கெர்னல்களை, அதாவது வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்புகளை, சோதிக்கும் பிள்ளைகள் பெருகியிருக்கிறார்கள். மகிழ்ச்சியான விஷயம். ஆனால் புகார் மட்டும் மாறுவதே இல்லை: "புது கெர்னல் போட்டேன் சார், கிராஷ் ஆயிடுச்சு, ரீசெட் பண்ணிட்டேன்." லாக் (கெர்னல் எழுதிய பதிவு) எங்கே என்றால், இல்லை.

பெரும்பாலும் அது கிராஷே இல்லை, தம்பி. என்எஃப்எஸ் மவுண்ட், அதாவது சர்வரின் அடைவை நம் பிசியில் இணைப்பது, இயல்பிலேயே 'ஹார்டு'. சர்வர் பதில் சொல்லும்வரை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும். அந்த மவுண்டில் உள்ள கோப்பைத் தொட்ட புரோகிராம் 'டி' நிலையில் (பதில் வரும்வரை அசையாமல்) காத்திருக்கும். 120 நொடி தாண்டினால் பல நேரம் "பிளாக்டு ஃபார் மோர் தேன் 120 செகண்ட்ஸ்" என்று கெர்னல் ஒரு வரி எழுதி, கீழே கால் டிரேஸையும் (எந்த இடத்தில் நிற்கிறது என்ற பட்டியல்) கொட்டும். அந்த டிரேஸைப் பார்த்த பயத்தில்தான் பட்டனை அமுக்குகிறீர்கள். அது எச்சரிக்கை மட்டுமே. நிஜமாகவே விழுந்திருந்தால் 'கெர்னல் பேனிக்' என்றோ, 'ஊப்ஸ்' என்றோ, 'பக்' என்றோ எழுதியிருக்கும். லோட் ஆவரேஜ் (சராசரி வேலைச்சுமை) 40 காட்டுகிறது என்பதும் ஆதாரம் ஆகாது. 'டி' நிலையில் காத்திருப்பவற்றையும் லினக்ஸ் அந்தக் கணக்கில் சேர்க்கிறது, சிபியு சும்மாதான் இருக்கும். பிரீபிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளத்தின் 'கரண்ட்' சோதனைப் பதிப்பை ஓட்டுகிறவர்களுக்கும் இதே வார்த்தை: 'லாக் ஆர்டர் ரிவர்சல்' என்று அதன் பூட்டு வரிசையைச் சரிபார்க்கும் விட்னெஸ் சொன்னால் அது பேனிக் இல்லை.

சர்வருக்கு பிங் போகிறதா? டிமெசேஜில் (கெர்னல் செய்திப் பட்டியலில்) "சர்வர் நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் டிரையிங்" இருக்கிறதா? இருந்தால் கெர்னலை விட்டுவிட்டு முதலில் கேபிளையும் சர்வரையும் பாருங்கள்.

காசிமேடு, ராயபுரம் ஓரம் உப்புக்காற்று மலிவான ஆர்ஜே-45 முனைகளை அரித்துவிடும். கிகாபிட்டுக்கு நாலு ஜோடிக் கம்பியும் வேண்டும். ஒன்று போனால் பல கார்டுகள் சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். ஈதிடூல் கட்டளையில் வேகத்தையும் சிஆர்சி பிழை (வழியில் சிதைந்த பாக்கெட்) எண்ணிக்கையையும் பாருங்கள். அடைவுப் பட்டியல் வருகிறது, பெரிய கோப்பைத் திறந்தால் மட்டும் உறைகிறது என்றால் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச பைட் அளவு) மேல் சந்தேகப்படுங்கள். ஒரு முனையில் 9000, ஸ்விட்சில் 1500 என்று இருக்கும். துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 8972 பைட் பிங் அனுப்பினால் தெரிந்துவிடும்; தலைப்புகளின் 28 பைட்டும் சேர்ந்து 9000.

உறைந்த நேரத்தில் ஆதாரம் எடுப்பது எளிது. ரூட்டாக, ப்ராக் அடைவில் உள்ள சிஸ்ரெக்-டிரிக்கர் கோப்பில் 'டபிள்யூ' என்ற ஒரே எழுத்தை எழுதுங்கள்; யார் யார் எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று டிமெசேஜில் வந்துவிடும். அதை உள்வட்டிலோ பென் டிரைவிலோ சேமியுங்கள். மாட்டிக்கொண்ட என்எஃப்எஸ் மவுண்டிலேயே லாக் வைக்கிறார்களே, அது எப்படி எழுதப்படும்? நெட்கன்சோல் போட்டு கெர்னல் செய்திகளை நெட்வொர்க் வழியே பக்கத்து பிசிக்கு அனுப்பினால் இன்னும் நல்லது.

அடுத்து, 'சாஃப்ட்' மவுண்ட், அதாவது சில முறை கேட்டுவிட்டுக் கைவிடுவது. "இதைப் போட்டால் ஹேங் ஆகாது" என்று யாரோ சொன்னதை நம்பி எழுதும் மவுண்டில் போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். தவணை முடிந்ததும் புரோகிராமுக்கு ஐஓ பிழை (படிக்க, எழுத முடியவில்லை என்பது) போகும். அதைச் சரிபார்க்காத புரோகிராம் அரைகுறைக் கோப்பை விட்டுவிட்டு மேலே போய்விடும். ஹேங் கண்ணுக்குத் தெரிகிறது, கெட்டுப்போன பில்டு தெரியாது. மறுபடி கேட்குமுன் காத்திருக்கும் நேரமான டைம்இஓ 600 என்றால் 600 நொடி என்று நினைத்து 60 ஆகக் குறைப்பதும் தவறு. அது பத்தில் ஒரு நொடிக் கணக்கு. 600 என்பதே 60 நொடிதான். காத்திருப்பதை இடையில் நிறுத்த உதவிய 'இன்டர்' விருப்பத்தை 2.6.25 முதல் கெர்னல் கண்டுகொள்வதே இல்லை. அதற்குப் பிறகு மாட்டிய புரோகிராமை நிறுத்த கில் மைனஸ் 9 போதும்.

கரன்ட் போகும் ஏரியாவில் எக்ஸ்போர்ட்டில் (சர்வரின் பகிர்வு அமைப்பில்) 'அசிங்க்' கூடாது. வட்டில் எழுதும் முன்பே "எழுதிவிட்டேன்" என்று சர்வர் பதில் சொல்லிவிடும். சர்வருக்கு மட்டும் யுபிஎஸ் கொடுத்து ஸ்விட்சை வெறும் பிளக்கில் விடாதீர்கள். சர்வர் மறுபடி எழுந்ததும் என்எஃப்எஸ் பதிப்பு 4-இல் இயல்பாக 90 நொடி கிரேஸ் நேரம் (பழைய கோப்புப் பூட்டுகளை மீட்கும் அவகாசம்) உண்டு. அதற்குள் புதிதாகக் கோப்புப் பூட்டு கேட்டவர்கள் காத்திருக்கத்தான் வேண்டும். இரண்டாவது ரீசெட் அங்கேதான் நடக்கிறது.

பழைய கெர்னலை பூட் மெனுவில் விட்டுவையுங்கள். அதில் உறையாமல் புதியதில் மட்டும் உறைகிறது என்றால் அப்போது கெர்னலைச் சந்தேகிக்கலாம், எந்த மாற்றத்தில் கெட்டது என்று பாதி பாதியாகத் தேடும் கிட் பைசெக்டும் தொடங்கலாம்; பத்தாயிரம் கமிட் இருந்தாலும் 14 சுற்றுக்குள் முடிந்துவிடும். புகார் அனுப்பும்போது கெர்னல் பதிப்பு, டெயின்ட் எண் (வெளி மாட்யூல் போன்றவை கலந்திருப்பதைக் காட்டுவது), என்எஃப்எஸ்ஸ்டாட் காட்டும் மவுண்ட் விருப்பங்கள், பூட்டிலிருந்து முழு டிமெசேஜ் நாலும் வேண்டும். மொபைலில் எடுத்த பாதித் திரைப் படம் மட்டும் வேண்டாம்.