வாகைகுளத்துல பிளைட் கேன்சலா? மொதல்ல பிளாக் டைமப் பாருங்க

நம்ம வாகைகுளத்துல உள்ள தூத்துக்குடி ஏர்போர்ட்ல இருந்து சென்னை நேர்கோட்டுல ஏறக்கொறைய 530 கிலோமீட்டர், பெங்களூரு 500. ஏடிஆர்ங்கிற சின்ன காத்தாடி பிளைட்டு மணிக்கு 500 கிலோமீட்டர் கிட்ட பறக்கும், அப்போ ஒரு மணி நேரத்துல போயிரலாமேன்னு கேப்பிய. ஆனா டிக்கெட்டுல ஒன்றரை மணி நேரம் பக்கமா போட்டிருக்கும். ஏன்னா அது பறக்குற நேரம் மட்டும் இல்ல, இங்க நின்ன எடத்த விட்டு நகர ஆரம்பிச்சதுல இருந்து அங்க போய் எறங்கி ஊர்ந்து போய் நிக்கிற வரைக்கும் உள்ள மொத்த நேரம். இதத்தான் பிளாக் டைம்ங்காவ.

இது நமக்கெதுக்குன்னா, பிளைட்ட கேன்சல் பண்ணுனா எவ்ளோ நஷ்டஈடுன்னு விமானப் போக்குவரத்தக் கண்காணிக்கிற டிஜிசிஏவோட ரூல் சொல்லுதது இந்த நேரத்த வச்சுத்தான், கிலோமீட்டர வச்சு இல்ல. 1 மணி நேரம் வரைக்கும்னா 5,000 ரூவா, 1ல இருந்து 2 மணி நேரம்னா 7,500, அதுக்கு மேல 10,000. நம்ம சென்னை, பெங்களூரு ரெண்டும் நடுவுல உள்ள 7,500ல வந்துரும்.

ஒடனே 7,500 கைக்கு வந்துருச்சுன்னு நெனச்சுராதிய. அந்தத் தொகை, இல்லன்னா டிக்கெட்டுல உள்ள அடிப்படைக் கட்டணமும் பியூயல் சார்ஜும் சேந்த தொகை, ரெண்டுல எது கம்மியோ அதான் கெடைக்கும். அந்த ரெண்டு கட்டணமும் சேந்து 3,200 ரூவான்னா 3,200தான். டிக்கெட் காசு திரும்ப வாரது தனி, இது தனி. அம்பாசமுத்திரத்துல இருந்து கார் வச்சு வந்தோமே, அந்த வாடகன்னு கேட்டா அது இதுல வராது.

இன்னொண்ணு, 24 மணி நேரத்துக்கு முன்னாடியே சொல்லிட்டாவன்னா நஷ்டஈடு கெடையாது, வேற பிளைட்டோ ரீபண்டோதான். மழை வெள்ளத்துக்கும் கெடையாது. 2023 டிசம்பர்ல நம்மூரு முங்குனப்போ பிளைட்டெல்லாம் நின்னுச்சுல்லா, அந்த மாதிரி நேரத்துல ரீபண்ட் கேக்கலாம், நஷ்டஈட்டுக்குச் சண்ட போட்டு பிரயோஜனம் இல்ல.

லேட்டுக்கு வேற கணக்கு. நம்ம ரூட்டுல 2 மணி நேரம் லேட்டாச்சுன்னா சாப்பாடோ டிபனோ குடுக்கணும், கேட்டு வாங்குங்க, பாதி பேரு கூச்சப்பட்டுக்கிட்டு கேண்டீன்ல காசு குடுத்து வாங்கித் திங்காவ. 6 மணி நேரத்துக்கு மேலன்னா வேற பிளைட்டா முழு ரீபண்டான்னு முடிவு பண்ணுதது நம்ம கையில. ஏர்லைன் அசையலன்னா அரசாங்கத்தோட ஏர்சேவா ஆப்புல கம்ப்ளைண்ட் போடுங்க.

கடைசியா, எங்க பெரியப்பா ஏமாந்தது இதுலதான். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில ஒரு டிராவல்ஸ்ல டிக்கெட் போட்டாவ, கடைக்காரரு அவரு நம்பரையே குடுத்துருக்காரு, கேன்சல்னு மெசேஜ் மொத நாளே அவருக்குப் போயிருக்கு, பெரியப்பா பெட்டியத் தூக்கிட்டு வல்லநாடு தாண்டி வாகைகுளம் போய் நிக்காவ. நாங்க சொல்லிட்டோமேன்னு ஏர்லைன்காரன் கைய விரிச்சிட்டான். ரூல்லயே, சரியான போன் நம்பர் குடுக்காதவங்களுக்கு நஷ்டஈடு கெடையாதுன்னு இருக்கு. அதனால கடையில புக் பண்ணுனா பக்கத்துலயே நின்னு ஒங்க நம்பரப் போட வைங்க.