புல்லட் என்பது தோட்டாவா, குண்டா?

"உடலில் பாய்ந்திருந்த தோட்டாவை மருத்துவர்கள் அகற்றினர்" என்று செய்தியில் படிக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். தோட்டா உடலுக்குள் போவதில்லை, போவது குண்டு. தோட்டா என்பது முழுப் பொருள். பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி கிளப்பும் ஒரு கேப், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு, எல்லாம் சேர்ந்தால்தான் தோட்டா. சுட்டதும் குண்டு மட்டும் குழல் வழியே பறக்கும். கூடு சுட்டவர் பக்கத்திலேயே தங்கிவிடும். ஆங்கிலத்தில் முழுப் பொருளுக்கு கார்ட்ரிட்ஜ் என்று பெயர், பறக்கும் தலைக்கு மட்டும்தான் புல்லட்.

செய்தி படிப்பவருக்கு இந்தக் குழப்பத்தால் பெரிய நட்டமில்லை. வீட்டில் தோட்டா நிரப்புகிறவருக்கு உண்டு. அமெரிக்காவில் இலக்குச் சுடுதல் பழகுகிற பலர், சுட்டுப்போட்ட கூடுகளைப் பொறுக்கிவந்து தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள். அதைத்தான் அங்கே ரீலோடிங் என்கிறார்கள். (இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்கக் கூடாது.) அங்கே கடையில் 'புல்லட் 500' என்று எழுதிய பெட்டியைத் தோட்டா என்று நினைத்து வாங்கினால், உள்ளே மருந்தும் இருக்காது, கூடும் இருக்காது. வெறும் தலைகள்தான்.

டெக்சாஸில் நண்பர் வீட்டு காரேஜில் அப்படி ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொன்றும் நிலக்கடலைப் பருப்பு அளவு, புதுச் செப்புக்குடம் போன்ற பளபளப்பு. உள்ளங்கையில் நாலைந்தை வைத்தபோதுதான் உள்ளே இருக்கும் ஈயத்தின் கனம் தெரிந்தது. நண்பர் நிரப்பும் கருவியின் கைப்பிடியை இழுக்க இழுக்க, கூட்டின் வாயில் குண்டு ஒன்றொன்றாக அமர்ந்தது. கூட்டின் அடியில் அவர் பொருத்திய கேப், நாம் தீபாவளித் துப்பாக்கியில் போட்டு வெடித்த கேப்பின் அண்ணன்தான். அடிபட்டால் பொறி கிளம்பும், அந்தப் பொறி மருந்தைப் பற்றவைக்கும்.

கூட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். அதனால் செலவைக் குறைக்க நினைப்பவர் அதிகம் யோசிப்பது குண்டைப் பற்றித்தான். உருக்கி வார்த்த ஈயக்குண்டு பொதுவாக மலிவு. ஆனால் வேகம் கூடினாலோ, அளவு பொருந்தாவிட்டாலோ குழலுக்குள் ஈயம் படியும். தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடவும் கூடாது. அடுத்தது செம்பு முலாம் பூசிய குண்டு. விலையில் அதற்கும் மேலே, தடித்த செப்பு உறை போட்ட குண்டு. வேட்டைக்கென்று செய்யும், பட்டதும் விரியும் குண்டுகள் இன்னும் விலை அதிகம். காகித இலக்கில் ஓட்டை போட அவை எதற்கு? முலாம் பூசியதே போதும் என்பது என் எண்ணம்.

விலையை மட்டும் பார்த்து வாங்கவும் முடியாது. 9 மி.மீ. கைத்துப்பாக்கிக்கு உறை போட்ட குண்டின் விட்டம் 0.355 அங்குலம், வார்த்த ஈயக்குண்டு பெரும்பாலும் 0.356. பெட்டியில் 115, 124 என்று போட்டிருப்பது எடை, கிரெயின் கணக்கில். கிரெயின் என்றால் தானிய மணி. நம் ஊரில் குன்றிமணி வைத்துத் தங்கம் நிறுத்த மாதிரி, அவர்கள் தானிய மணியை வைத்து நிறுத்தார்கள். 7,000 கிரெயின் ஒரு பவுண்டு, 115 கிரெயின் ஏறக்குறைய ஏழரை கிராம். குண்டின் வகையோ எடையோ மாறினால் மருந்தின் அளவும் மாறும். நிரப்பும் கையேட்டைப் புதிதாகப் பார்த்தே ஆக வேண்டும். பழைய கணக்கையே போட்டால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கலாம்.

சரி, சொல்லுக்கு வருவோம். புல்லட்டின் மூலம் பிரெஞ்சுச் சொல்லான பூலெட். பூல் என்றால் உருண்டை, பூலெட் என்றால் சின்ன உருண்டை. பழைய துப்பாக்கிகளில் போட்டது ஈய உருண்டைதானே! கார்ட்ரிட்ஜின் வேர் காகிதம். ஒரு காலத்தில் மருந்தையும் குண்டையும் காகிதத்தில் சுருட்டி வைத்தார்கள். 1857-ல் சிப்பாய்கள் பல்லால் கடிக்க மறுத்த கொழுப்புத் தடவிய தோட்டா அந்தக் காகிதச் சுருள்தான். இந்தியின் கார்தூஸும் அதே குடும்பம். நம் தோட்டா வடக்கிலிருந்து வந்தது, இந்துஸ்தானியில் டோட்டா. தெலுங்கில் தூட்டா என்பார்கள்.

குண்டு நம் சொல். உருண்டையானது என்பதே பொருள், புல்லட்டுக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது. ஈழத்தில் ரவை, சன்னம் என்கிறார்கள். இரண்டுமே சிறியது, நுண்ணியது என்ற பொருளில் பிறந்தவை. இன்னொரு பழைய சொல்லும் உண்டு: உண்டை. சிறுவயதில் இராமன் கூனி மேல் எய்ததைக் கம்பர் 'வில் உமிழ் உண்டை' என்கிறார், அது மண்ணுருண்டை. மலையாளிகள் அந்தச் சொல்லைக் கைவிடவில்லை. துப்பாக்கிக் குண்டு அவர்களுக்கு வெடியுண்டை, முழுத் தோட்டா திர. இரண்டும் அங்கே குழம்புவதில்லை.

நமக்கும் குழம்ப வேண்டியதில்லை. கார்ட்ரிட்ஜுக்குத் தோட்டா இருக்கட்டும், அது ஊறிப்போன சொல். புல்லட்டுக்குக் குண்டு. வெடிகுண்டோடு குழம்பும் இடத்தில் துப்பாக்கிக்குண்டு என்று எழுதலாம். தொழில்நுட்பக் கட்டுரையில் உண்டையை மீட்டுக்கொண்டால் எனக்கு மகிழ்ச்சி.

அப்புறம் ரீலோடிங். இதை 'மறுஏற்றம்' என்று பெயர்த்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். துப்பாக்கியில் அடுத்த தோட்டாவைப் போடுவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான், அதனால் வந்த வினை. தமிழில் துப்பாக்கியில் ஏற்றுகிறோம், கூட்டில் நிரப்புகிறோம். காரேஜில் என் நண்பர் செய்தது தோட்டா நிரப்புதல்.