பேலோடு: ஏற்றுசுமை என்னும் சொல்லும் அதன் கணக்கும்

மண்ணடியில் இரும்புக் கடை வாசலில் பிக்கப் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் ஓட்டுநரிடம், "அண்ணே, வண்டி எவ்வளவு தாங்கும்?" என்று லோடுமேன் கேட்கிறார். "ஒன்னரை டன் வண்டிப்பா" என்று பதில் வருகிறது. கேட்டவர் மனத்தில் உடனே ஒரு கணக்கு ஓடுகிறது. கம்பிக் கட்டுகள் ஏறத் தொடங்குகின்றன. அந்தப் பதில் வண்டியின் ரகத்தைச் சொல்கிறதே தவிர, இன்று, இந்த ஆட்களோடு, இந்த வண்டியில் எத்தனை கிலோ ஏற்றலாம் என்பதைச் சொல்லவில்லை. விற்பனைக் கையேட்டில் 'பேலோடு' என்று அச்சிடப்படும் சொல்லுக்கு உரிய பொருள் அந்த இரண்டாவது எண்தான். வாகனக் கையேடுகளைத் தமிழாக்கும் வேலையில் என்னை மிக நீண்ட நேரம் நிறுத்திவைத்த சொல் இது.

பேலோடு என்பது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் உருவான கூட்டுச்சொல். 'பே' என்பதற்கு ஊதியம், கட்டணம் என்று பொருள். அதன் வேர் அமைதிப்படுத்துதல் என்னும் பொருளுடைய லத்தீன் வினைச்சொல். கடன் கொடுத்தவரைப் பணம் தந்து அமைதிப்படுத்துவதிலிருந்து அந்தப் பொருள் வளர்ந்தது. 'லோடு' என்பதன் பழைய ஆங்கில வடிவத்துக்கு வழி, பயணம், கொண்டுசெல்லுதல் ஆகியவையே பொருள். சுமை என்பது பின்னால் வந்து சேர்ந்தது. ஆக, ஒரு வண்டி சுமந்து செல்லும் மொத்தத்தில் வாடகை ஈட்டித் தரும் பகுதி எதுவோ அதுவே பேலோடு. வண்டியின் சொந்த எடைக்கு யாரும் கூலி தருவதில்லை. விண்வெளித் துறைக்கும் இந்தச் சொல் இதே தருக்கத்தோடுதான் போனது: ஏவூர்திக்குச் செயற்கைக்கோள் பேலோடு, அந்தச் செயற்கைக்கோளுக்கோ அதனுள் இருக்கும் ஆய்வுக் கருவி பேலோடு.

தமிழில் பாரத்தைக் குறிக்கச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. பாரம் வடமொழியிலிருந்து வந்தது. ஓர் எடையளவின் பெயராகவும் வழங்கியது. பொறை, 'பொறு' என்னும் வினையிலிருந்து பிறந்தது. எடை, 'எடு' என்பதிலிருந்து. 'சும' என்பதிலிருந்து சுமை வந்தது. கோயம்பேட்டில் மூட்டை தூக்குபவர் தலையில் சுருட்டி வைக்கும் சும்மாடும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. வண்டிக்கும் சுமைக்கும் உள்ள உறவைச் சொல்லும் மிகப் பழைய சான்று புறநானூற்றின் 102ஆம் பாட்டில் கிடைக்கிறது. எருதுகள் இளையவை, நுகம் அறியாதவை. "சகடம் பண்டம் பெரிது பெய்தன்றே" என்று ஔவையார் சொல்கிறார். பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன நேருமோ என்று அஞ்சிய உமணர்கள் வண்டியின் கீழ்மரத்தில் மாற்றாக ஒரு சேம அச்சைக் கட்டி வைத்திருந்தார்கள். சுமை மிகுந்தால் முதலில் போவது அச்சு என்பதை உப்பு வணிகர் அறிந்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பேலோடுக்குத் தமிழில் இன்று அதிகம் எழுதப்படும் சொல் 'தாங்குசுமை'. ஏவூர்திச் செய்திகளில் அது நிலைபெற்றுவிட்டது. அங்கே அதை மாற்றச் சொல்லும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் சரக்கு வண்டிக்கு அது பொருந்தவில்லை என்பது என் முடிவு. தாங்குதல் நின்ற இடத்தில் நிகழ்வது. தலைச்சுமையை இறக்கி இளைப்பாற வழியோரம் நட்ட சுமைதாங்கிக் கல் தாங்குகிறது. வீட்டின் தூண் தாங்குகிறது. பிக்கப் வண்டியோ சுமையோடு கிளம்ப வேண்டும், வளைய வேண்டும், மேம்பாலம் ஏற வேண்டும், முன்னால் போகும் பேருந்து சட்டென நின்றால் தானும் நிற்க வேண்டும். மேலும், வண்டியின் சக்கரங்கள் தாங்குவது சரக்கை மட்டுமன்று, வண்டியையும் சேர்த்துத்தான். ஆகவே தாங்குசுமை என்றால் மொத்த எடையோ என்ற மயக்கம் வருகிறது. 'கூலிச்சுமை' என்று நேராக மொழிபெயர்த்தால் மூலப்பொருள் கிடைக்கும். ஆனால் கணக்கில் சேரவேண்டிய ஓட்டுநரும் லோடுமேனும் அதிலிருந்து நழுவிவிடுவார்கள். சரக்குத் தெருக்களில் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என்ற சொற்கள் ஏற்கெனவே புழங்குகின்றன. 'லோடு ஏத்தியாச்சா' என்பதே அன்றாடக் கேள்வி. அந்த வினையையே எடுத்துக்கொண்டு 'ஏற்றுசுமை' என்று வைப்பதே நல்லது. இது வினைத்தொகையாதலால் இடையில் வல்லினம் மிகாது. காலி வண்டியின் எடையை வெற்றெடை என்றும், சட்டம் அனுமதிக்கும் உச்ச எடையை மொத்த எடை என்றும் சொன்னால் மூன்று சொற்களும் ஒன்றையொன்று விளக்கிக்கொள்ளும்.

மொத்த எடையில் வெற்றெடையைக் கழித்தால் கிடைப்பது ஏற்றுசுமை. இரண்டு எண்களும் ஆர்.சி. புத்தகத்திலேயே இருக்கின்றன. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வெற்றெடைக்குத் தரும் வரையறையை ஊன்றிப் படிக்க வேண்டும்: வண்டி வேலை செய்யும்போது வழக்கமாகப் பயன்படும் சாதனங்கள் எல்லாம் அதில் அடங்கும், ஓட்டுநரின் எடையும் உதவியாளரின் எடையும் அடங்கா. அதாவது, ஓட்டுநர் இருக்கையில் ஏறி அமர்ந்த கணத்திலேயே ஏற்றுசுமையில் ஒரு பங்கு செலவாகிவிடுகிறது.

அம்பத்தூரில் ஒரு பட்டறைக்காக எழுதிய விளக்கத்தாளில் இதை ஓர் எடுத்துக்காட்டோடு காட்டினேன். ஒரு வண்டியின் மொத்த எடை 2,990 கிலோ, வெற்றெடை 1,720 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஏற்றுசுமை 1,270 கிலோ. ஓட்டுநர் 75 கிலோ, லோடுமேன்கள் இருவர் தலா 65 கிலோ, மீதி 1,065. பதிவுக்குப் பிறகு பொருத்திய இரும்புக் கேரியர், தார்ப்பாய், கயிறு, கருவிப்பெட்டி எல்லாம் சேர்த்து 65 கிலோ, மீதி 1,000. ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டையாகக் கணக்கிட்டால் 20 மூட்டை. 1,270ஐ அப்படியே 50ஆல் வகுத்தவர் 25 மூட்டை ஏற்றியிருப்பார். தாளைப் படித்த ஓட்டுநர் ஒருவர், ஆட்களின் எடையைக் கழிக்கும் வரியில் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். ஐயம் இருந்தால் எடைமேடையில் காலி வண்டியை ஆட்களோடும் நிரம்பிய டீசலோடும் ஒருமுறை ஏற்றிச் சீட்டு வாங்கிக்கொள்வதே நேர்வழி. 60 லிட்டர் டீசல் மட்டுமே ஏறத்தாழ 50 கிலோ.

கண்ணளவை நம்ப முடியாததற்குக் காரணம், பொருளுக்குப் பொருள் அடர்த்தி மாறுவதுதான். இரண்டரை மீட்டருக்குச் சற்றே நீண்ட, 1.7 மீட்டர் அகலமான பாடியில் 40 செ.மீ. உயரத்துக்கு மணலை நிரப்பினால் ஏறத்தாழ 1.75 கன மீட்டர் வரும். கன மீட்டருக்கு 1,600 கிலோ என்று கொண்டால் அது 2,800 கிலோ. மேலே சொன்ன வண்டியின் ஏற்றுசுமையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதே பாடியில் பூ மூட்டைகளைக் குவித்தால் வண்டிக்கு ஏற்றியதே தெரியாது. ஆனாலும், மயிற்பீலி ஏற்றிய வண்டியும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்ற குறளை நம் ஊரில் படிக்காதவர் இல்லை.

மொத்தம் சரியாக இருந்தும் அச்சு மிகைச்சுமை வாங்குவதுண்டு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3.2 மீட்டர் இருக்கும் வண்டியில், 1,000 கிலோ சுமையின் நடுப்புள்ளி பின் அச்சுக்கு 40 செ.மீ. முன்னால் விழுந்தால், பின் அச்சு 875 கிலோவும் முன் அச்சு 125 கிலோவும் ஏற்கும். அதே சுமை பின் அச்சுக்கு 40 செ.மீ. பின்னால் தள்ளி அமைந்தால், பின் அச்சு 1,125 கிலோவை ஏற்க, முன் அச்சிலிருந்து 125 கிலோ குறைகிறது. வண்டி மூக்கைத் தூக்குகிறது, ஸ்டீயரிங் லேசாகிறது. நீளக் கம்பிகளைப் பின்னால் நீட்டிக் கட்டும் வழக்கத்தில் உள்ள ஆபத்து இதுவே. இதைச் சரிசெய்ய எண்ணிக் கூடுதலாக ஒரு கமான் பட்டை (ஸ்பிரிங் பட்டை) போடுகிறவர்கள் உண்டு. பட்டை போட்டால் வண்டி பின்னால் இறங்காமல் நிற்கும். ஆனால் பிரேக்கும் டயரும் அச்சும் பழையனவே. ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை ஒரு கிலோவும் கூடாது. புதுப் பட்டையின் எடை வெற்றெடையில் சேர்வதால் ஏற்றுசுமை குறையவே செய்யும்.

டன் கணக்கில் வண்டிக்குப் பெயர் வைப்பது அமெரிக்காவிலும் உண்டு. அங்கே 'அரை டன்', 'முக்கால் டன்', 'ஒரு டன்' என்று பிக்கப்களை அழைப்பார்கள். ஆரம்பத்தில் அது ஏற்றுசுமையையே குறித்தது. இன்று 'அரை டன்' வண்டிகள் அரை டன்னைவிட மிகுதியாகவே ஏற்றுகின்றன. அந்த டன்னும் 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ. நம் டன் 1,000 கிலோ. மொத்த எடை 8,500 பவுண்டுக்கு மேற்பட்டவற்றை அங்கே கனரகப் பிக்கப் என்கிறார்கள். 10,000 பவுண்டு வரையுள்ள வண்டிகளின் கதவுச் சட்டத்தில், ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று ஒட்டப்படும் சீட்டு எனக்கு மிகவும் பிடித்தது. ஆட்களையும் சரக்கையும் ஒரே வரியில் சேர்த்துச் சொல்லிவிடுகிறது அது. பின்னால் டிரெய்லர் இழுத்தால் அதன் எடையில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு கொக்கி வழியாக வண்டியின் மேல் இறங்கும். அதையும் ஏற்றுசுமையிலிருந்தே கழிக்க வேண்டும்.

இங்கே மொத்த எடையை மீறினால் சட்டத்தின் 194ஆம் பிரிவு பாயும். 2019 செப்டம்பர் 1 முதல் 20,000 ரூபாய் அபராதம்; மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்; மிகைச்சரக்கை இறக்கும் செலவும் தனி.

அம்பத்தூர்த் தாளின் தலைப்பில் அமெரிக்கச் சீட்டின் முறையையே பின்பற்றி, "இந்த வண்டியின் ஏற்றுசுமை 1,270 கிலோ, ஏறும் ஆட்கள் உள்பட" என்று எழுதிக் கொடுத்தேன். ஏற்றுசுமை என்றால் என்ன என்று அங்கே யாரும் கேட்கவில்லை. 'ஆட்கள் உள்பட' என்பதைத்தான் கேட்டார்கள்.