டொமிசைல்: எது வசிப்பிடம், எது நிலைக்குடியிடம்?

லத்தீனில் 'டோமுஸ்' என்றால் வீடு. அதிலிருந்து பிறந்த 'டொமிசிலியம்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'டொமிசைல்' ஆனது. வேரில் வீடு இருந்தாலும், சட்டத்தில் இந்தச் சொல்லுக்குப் பொருள் கட்டடம் அல்ல. எங்கே போனாலும் திரும்பி வந்து சேர நினைக்கும் நிலையான இடம் எது என்பதே கேள்வி. ஒருவருக்கு மூன்று ஊரில் வீடு இருக்கலாம். டொமிசைல் ஒரு நேரத்தில் ஒன்றுதான்.

தமிழில் இதற்குச் சொல் தேடும்போது சான்றிதழ்கள்தான் முதலில் குழப்பும். வட மாநிலங்களில் 'டொமிசைல் சர்டிபிகேட்' என்று ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் தாலுகா அலுவலகம் வழியாக வருபவை இருப்பிடச் சான்றிதழும் பிறப்பிடச் சான்றிதழும். இரண்டுமே டொமிசைலுக்குச் சரியான நிகர் அல்ல. போதாக்குறைக்கு, இந்தியாவில் மாநில வாரியான டொமிசைல் என்று ஒன்று கிடையாது, நாடு முழுவதற்கும் ஒன்றே என்று பிரதீப் ஜெயின் வழக்கில் 1984-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு: அங்கே ஒவ்வொரு மாநிலமும் தன் வருமான வரிக்காக இந்தக் கேள்வியைத் தனியாகக் கேட்கிறது.

ஆகவே 'ரெசிடென்ஸ்' என்பதற்கு வசிப்பிடம் (இலங்கை வழக்கில் வதிவிடம்), 'டொமிசைல்' என்பதற்கு நிலைக்குடியிடம் என்று பிரித்துக்கொள்வது நல்லது. 'குடி' என்ற வேரில் ஒரு வசதியும் இருக்கிறது. பழைய ஊரிலிருந்து குடிபெயர்வது ஒன்று, புது ஊரில் குடிபுகுவது இன்னொன்று. சட்டம் இரண்டையும் கேட்கிறது: உடலால் அங்கே போயிருக்க வேண்டும், அங்கேயே நிலைக்கும் எண்ணமும் வேண்டும். குடிபுகுந்தது உறுதியாகும் வரை பழைய மாநிலமே நிலைக்குடியிடமாக நீடிக்கும். "ஆறு மாதம் ஆஸ்டினில் நண்பர் வீட்டில் இருந்து வேலை பார்த்தேன், நியூயார்க் வாடகை வீட்டையும் விடவில்லை" என்பவர் குடிபெயரவே இல்லை.

நியூயார்க் தணிக்கையாளர்கள் முதன்மையாகப் பார்ப்பவை ஐந்து: வீடு, தொழில் ஈடுபாடு, செலவிட்ட நாட்கள், மனத்துக்கு நெருக்கமான உடைமைகள், குடும்பம். ஓட்டுநர் உரிமமும் வாக்காளர் பதிவும் அடுத்த படியில்தான் வரும். உரிமத்தை மட்டும் மாற்றிவிட்டு மாநிலம் மாறிவிட்டதாக நம்புவது பலர் செய்யும் தவறு. மாறியதாகச் சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம், லாரி ரசீது, பள்ளிச் சேர்க்கை, மின்கட்டணம் என்று தேதியுள்ள காகிதங்களைச் சேர்த்து வைக்க வேண்டும்.

நிலைக்குடியிடம் வேறு மாநிலத்தில் இருந்தாலும் ஒரு மாநிலம் உங்களை வரிக்காக வசிப்பவராகக் கொள்ளலாம். நியூயார்க்கில் ஆண்டின் பெரும்பகுதி உங்களுக்கென ஒரு நிரந்தர வீடு இருந்து, 184 நாள் அல்லது அதற்கு மேல் அங்கே இருந்தால் போதும். நாளின் ஒரு பகுதி இருந்தாலும் அது ஒரு நாள். கலிபோர்னியாவில் ஒன்பது மாதத்துக்கு மேல் இருந்தால் வசிப்பவர் என்றே முதலில் கருதுவார்கள். எச்-1பி விசாவில் இருப்பவர்கள் அமெரிக்க மத்திய அரசு தன் வரிக்காகப் பார்க்கும் 183 நாள் கணக்கை இதோடு கலந்துவிடுகிறார்கள். அது மூன்று ஆண்டு நாட்களைக் கூட்டிப் பார்க்கும் வேறு சோதனை. மாநில வரிக்கு அது விடை சொல்லாது.

அடுத்தது, வீட்டிலிருந்து வேலை செய்பவர்களை அதிகம் சுடும் விதி. பொதுவாகச் சம்பளம் எந்த மண்ணில் உட்கார்ந்து உழைத்தீர்களோ அந்த மாநிலத்தின் வருமானம். நியூயார்க், பென்சில்வேனியா, டெலவேர், நெப்ராஸ்கா போன்ற சில மாநிலங்கள் மட்டும் 'முதலாளி வசதி' விதியை வைத்திருக்கின்றன: நிறுவனத்தின் தேவைக்காக அல்லாமல் உங்கள் வசதிக்காக வெளி மாநில வீட்டிலிருந்து வேலை செய்தால், அந்த நாளும் அலுவலகம் இருக்கும் மாநிலத்தின் நாளாகவே எண்ணப்படும். கனெக்டிகட் வீட்டிலிருந்தும் பணியாற்றிய சட்டப் பேராசிரியர் செலின்ஸ்கி இதை எதிர்த்தார். 2003-இல் நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் விதியை உறுதி செய்தது.

ஓர் எடுத்துக்காட்டு. நியூ ஜெர்சி எடிசனில் குடியிருந்து, மன்ஹாட்டன் அலுவலகத்தில் வேலை செய்தவர் ஜூலை 1 அன்று டெக்சாஸின் டாலஸில் குடிபுகுகிறார். வேலை அதே நிறுவனத்தில், இனி வீட்டிலிருந்து. டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை என்பதால் பாதிச் சம்பளம் வரியிலிருந்து தப்பிவிட்டது என்று நினைப்பார். டாலஸ் வீடு நிறுவனத்தின் உண்மையான அலுவலகம் என்று காட்ட முடியாவிட்டால், நியூயார்க் முழு ஆண்டுச் சம்பளத்துக்கும் வரி கேட்கும். டெக்சாஸில் வரி இல்லாததால் அந்தப் பாதியை எதற்கு எதிராகவும் கழிக்க வழியில்லை.

இவர் வரிசை தவறாமல் தாக்கல் செய்ய வேண்டும். முதலில் நியூயார்க்: ஐடி-203, வசிக்காதவருக்கான படிவம், உடன் வேலை நாட்களைப் பிரிக்கும் ஐடி-203-பி. அதில் வரி எவ்வளவு என்று தெரிந்த பிறகே நியூ ஜெர்சியின் வருமான வரிப் படிவமான என்ஜே-1040, பகுதி ஆண்டு வசிப்பவராக. அங்கே பிற மாநிலங்களுக்குக் கட்டிய வரியைக் காட்டும் சி.ஓ.ஜே. அட்டவணையில் நியூயார்க்குக்குக் கட்டிய வரிக்கு வரவு, அதாவது ஜெர்சி வரியில் கழிவு, கேட்கலாம், ஆனால் ஜெர்சியில் இருந்த ஆறு மாத வருமானத்துக்கு உரிய பங்குக்கு மட்டும். முழு ஆண்டு வரியையும் போட்டுவிட்டால் விளக்கக் கடிதம் வரும். நிறுவனம் தரும் ஆண்டுச் சம்பளச் சான்றான டபிள்யூ-2-வின் 17-ஆம் கட்டத்தில் இருப்பது சம்பளத்திலிருந்து பிடித்த மாநில வரி; வரவுக்கு எடுக்க வேண்டியது படிவத்தில் கணக்கிட்ட வரி. இரண்டும் ஒன்றல்ல. வரி மென்பொருளில் வசிக்கும் மாநிலத்தை முதலில் நிரப்பினால் வரவு சரியாக ஏறாமல் போவதும் இந்த வரிசைக் கோளாறால்தான்.

டபிள்யூ-2-வில் நியூயார்க் வரிசையின் 16-ஆம் கட்டத்தில் முழு ஆண்டுச் சம்பளமும் இருக்கும். அது சம்பளப் பிரிவின் பிழை அல்ல, அந்த மாநிலம் அப்படித்தான் கேட்கிறது. நாட்களைப் பிரிப்பது உங்கள் வேலை.

பகுதி ஆண்டுக் கணக்கும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூ ஜெர்சி குடியிருந்த காலத்து வருமானத்தை மட்டும் எடுத்து, விலக்குத் தொகையை மாதக் கணக்கில் குறைக்கும். நியூயார்க்கும் கலிபோர்னியாவும் ஆண்டின் மொத்த வருமானத்தை வைத்து விகிதத்தை முடிவு செய்து, தங்கள் பங்குக்கு அதைப் பொருத்தும். ஆகவே மாநிலத்தை விட்டுப் போன பின் சம்பளம் ஏறியவருக்கு முன்பாதியின் வரி விகிதமும் ஏறும்.

பக்கத்து மாநிலங்களுக்குள் ஒப்பந்தம் இருந்தால் இந்தத் தலைவலி பாதி குறையும். பென்சில்வேனியாவில் குடியிருந்து நியூ ஜெர்சியில் வேலை செய்பவர் ஜெர்சியில் வசிக்காதவர் என்று தெரிவிக்கும் என்ஜே-165 படிவத்தை நிறுவனத்திடம் கொடுத்தால் ஜெர்சி வரி பிடிக்க மாட்டார்கள். இது சம்பளத்துக்கு மட்டும். வாடகை வருமானத்துக்குப் பொருந்தாது.

பங்கு ஒதுக்கீடு உள்ளவர்களுக்கு ஒரு சொல்: ஆர்.எஸ்.யூ., அதாவது நிறுவனம் முன்பே ஒதுக்கிப் பின்னர் தரும் பங்குகள், கைக்கு வரும் நாளில் நீங்கள் வாஷிங்டன் மாநிலத்துச் சியாட்டிலில் இருந்தாலும், ஒதுக்கிய நாளிலிருந்து கைக்கு வந்த நாள் வரை கலிபோர்னியாவில் உழைத்த நாட்களின் விகிதத்துக்குக் கலிபோர்னியா வரி கேட்கும். நிலைக்குடியிடம் மாறிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் கலிபோர்னியாவில் வசிக்காதவருக்கான 540 என்.ஆர். படிவம் தாக்கல் செய்ய வேண்டிவருவது இதனால்தான்.