பாம்புக்கடிக்கு உதவாத காட்டுக் கேரட்

கலிபோர்னியாவின் வறண்ட மலைச்சரிவுகளில் குளிர்கால மழை ஓய்ந்த பிறகு டாக்கஸ் புசில்லஸ் என்னும் சிறு காட்டுக் கேரட் செடி வெண்ணிறத்தில் பூக்கிறது. கேரட் குடும்பத்தைச் சேர்ந்த இது, ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, விதை சிந்தி மடிந்துவிடும். தண்டைத் தடவினால் விறைத்த மயிர்கள் விரலில் உறுத்தும்; முட்கள் நிறைந்த காய்கள் மலையேறுவோரின் காலுறையில் ஒட்டிக்கொள்ளும்.

இதை மென்று கடிவாயில் வைத்துக் கட்டினால் வாலை ஆட்டி ஒலியெழுப்பும் கிலுகிலுப்பைப் பாம்பின் நஞ்சு இறங்கிவிடும் என்பது அங்கே நெடுநாளாக இருந்துவரும் நம்பிக்கை. நம்மூரில் சிறியாநங்கையைப் பற்றிச் சொல்லப்படுவதும் இதைப் போன்றதே. இத்தகைய நம்பிக்கைகள் நிலைப்பதற்கான காரணத்தை அவசர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்கள் அறிவோம்: இப்பாம்பின் கடிகளில் சுமார் நான்கில் ஒன்றில் நஞ்சு உடலுக்குள் செல்வதே இல்லை. அப்படித் தப்பியவர் எந்த இலையைப் பூசியிருந்தாலும் அந்த இலைக்கே பெயர் கிடைக்கிறது.

நஞ்சு ஏறியிருந்தால் அது திசுக்களை அழிப்பதோடு இரத்தம் உறையும் தன்மையையும் குலைக்கும். விஷமுறிவு மருந்து பரவும் நஞ்சைத்தான் கட்டுப்படுத்துமே தவிர, ஏற்கெனவே அழிந்த தசையை மீட்டுத் தராது. ஆகவே செடி தேடிக் கழியும் நேரம் முழுவதும் இழப்புதான். வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறது என்று தோலின் மீது பேனாவால் கோடிட்டு, பக்கத்தில் நேரத்தைக் குறித்து, மீண்டும் மீண்டும் பார்த்துத்தான் சிகிச்சையின் போக்கை முடிவு செய்கிறோம். அரைத்துப் பூசிய பச்சிலை அந்த எல்லையையே மறைத்துவிடுகிறது. கடித்த இடத்தைக் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது, பனிக்கட்டி வைப்பது எதுவும் வேண்டாம். பாம்பிடமிருந்து விலகி, மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, அமெரிக்காவின் அவசர உதவி எண்ணான 911ஐ அழையுங்கள்.

இதைவிடவும் என்னைக் கவலைகொள்ளச் செய்வது, காட்டுக் கேரட் என்று எண்ணி ஹெம்லாக் என்னும் நச்சுச் செடியைப் பறித்து உண்பது. ஐரோப்பாவிலிருந்து வந்து கலிபோர்னியாவின் ஓடைக்கரைகளிலும் சாலையோரங்களிலும் ஆளுயரத்துக்கு மேல் வளரும் அச்செடியின் இலையும் வெண்பூக்கொத்தும் கேரட்டைப் போலவே இருக்கும். ஆனால் அதன் தண்டு மயிரின்றி வழவழப்பாகவும் செந்நீலப் புள்ளிகளோடும் காணப்படும். காட்டுக் கேரட்டின் பூக்கொத்துக்கு அடியில் இறகு போலப் பிளவுபட்டிருக்கும் சிற்றிலைகள் அதற்கு இல்லை. ஹெம்லாக்கில் உள்ள கோனீன் என்னும் நஞ்சு, சுவாசத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். முறிமருந்து கிடையாது, செயற்கைச் சுவாசம் கொடுத்துத்தான் காப்பாற்ற முடியும். இளஞ்செடியில் புள்ளிகள் தெளிவாகத் தெரியாமலும் இருக்கலாம் என்பதால், இந்தக் குடும்பத்துக் காட்டுச் செடி எதையும் படத்தை ஒப்பிட்டுப் பார்த்து உண்ணாதீர்கள். யாரேனும் உண்டுவிட்டால், அறிகுறி தோன்றும்வரை காத்திராமல், மிஞ்சிய செடியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வாருங்கள்.