ஆணியைச் சுற்றிய கறுப்பு வளையம்

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி படம் அனுப்பியிருந்தார். இடித்த பழைய வீடொன்றின் கதவுப் பலகைகள். அவற்றில் சுவர்த்தட்டும் படச்சட்டமும் செய்ய எண்ணமாம். ஆணி இருந்த இடமெல்லாம் கறுப்பு வளையம். "இது உளுத்ததா? பழைய வீட்டு மரத்தில ஏதோ இருக்கு, உள்ளுக்கு எடுக்காத என்று அம்மா சொல்றா" என்று கேட்டிருந்தார்.

அந்த வளையத்தில் எதுவும் குடியிருக்கவில்லை. அது மை. அந்தக் காலத்தில் எழுதப் பயன்பட்ட அதே மைதான்.

பலகையின் சாம்பல் நிறத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வெயிலின் புறஊதாக் கதிர், மரநார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருளை உடைக்கும். உடைந்ததை மாரி மழை கழுவிக்கொண்டு போகும். மிஞ்சிய செல்லுலோசு நாரில் கரும் பூஞ்சை படரும். எல்லாம் மேற்தோலோடு சரி. சீவுளியை ஒருதரம் இழுத்தால் பழைய நிறம் வந்துவிடும். சாம்பல் நிறத்துக்காகவே பலகை எடுத்தவர்கள் சீவாமல் தூசு மட்டும் தட்டுங்கள்.

இனி அந்த வளையம். கடுக்காயைக் கடித்தால் நாக்கு இழுபடுகிறதே, அந்தத் துவர்ப்பு தனின் என்ற பொருளால் வருவது. பூச்சியும் பூஞ்சையும் அண்டாமல் இருக்கப் பல மரங்கள் இதைத் தமக்குள் சேர்த்து வைத்திருக்கின்றன. இரும்பு ஆணி ஈரம் பட்டுக் கரைந்து இரும்பு அயன்களை, அதாவது மின்னேற்றம் பெற்ற இரும்பு அணுக்களை, மரத்துக்குள் விடுகிறது. திருகோணமலையின் உப்புக்காற்றில் இது இன்னும் வேகமாக நடக்கும். முதலில் வருவது இரண்டு நேரேற்றம் கொண்ட இரும்பு. அதற்கு நிறம் மிகக் குறைவு. காற்றிலுள்ள ஒட்சிசன் அதனிடமிருந்து இன்னோர் இலத்திரனைப் பறித்ததும் ஏற்றம் மூன்றாகிறது. உடனே தனின் மூலக்கூறில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு ஒட்சிசன் அணுக்கள், நண்டு கொடுக்கால் கவ்வுவதுபோல அந்த இரும்பைக் கவ்விக்கொள்கின்றன. பிடி விழுந்ததும் தனினின் இலத்திரன் இரும்புக்குத் தாவ வழி பிறக்கிறது. அந்தத் தாவலுக்கு வேண்டிய சக்தி கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே கிடைக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் எல்லாவற்றையும் அது விழுங்கிவிட, நம் கண்ணுக்குத் திரும்பி வர எதுவும் இல்லை. அதனால்தான் கறுப்பு.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். வினாகிரியில் ஹார்ட்வெயார் கடை ஸ்டீல் வூலைச் சில நாள் ஊறப் போடுங்கள். துருப்பிடிக்காத எஃகாலான பாத்திரம் தேய்க்கும் சுருள் சரிவராது. ஐதரசன் வாயு வெளியேற வேண்டும், ஆகவே போத்தலை இறுக மூடவேண்டாம். வெளிறிய பைன் பெல்லட் (சாமான் அடுக்கும் மரத்தட்டு) பலகை ஒன்றில் கடும் சாயத் தேத்தண்ணியைப் பூசிக் காயவிடுங்கள். பைனில் தனின் குறைவு, அதைத் தேயிலை ஈடுசெய்யும். பிறகு அந்த வினாகிரியைத் தூரிகையால் இழுங்கள். முதலில் ஈரம் மட்டுமே தெரியும். கொஞ்சம் பொறுத்தால் ஓரத்தில் சாம்பல் ஏறும், ரேகை ரேகையாகப் பரவும், நிமிடக்கணக்கில் பலகை கறுத்துவிடும். ஒரு மூலையைப் பொலித்தீனால் ஒட்ட மூடிப் பாருங்கள், அங்கே கறுப்பு பிந்தித்தான் வரும். கறுக்க வைப்பதில் பாதி வேலை காற்றுடையது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம்மவர்கள் மை காய்ச்சியது இதே வேதியியல்தான். அன்னபேதி என்பது இரும்புச் சல்பேற்று. ஒல்லாந்தர் எழுதிய ஆவணங்களும் இந்த வகை மையில்தான். அப்படிப்பட்ட பழைய தாள்கள் சிலவற்றில் எழுத்து இருந்த இடமே ஓட்டையாகிப் போயிருக்கும். மையிலுள்ள அமிலமும் இரும்பும் செல்லுலோசை மெல்ல அரிப்பதுதான் காரணம். மரத்திலும் ஆணியைச் சுற்றி அதுவே நடக்கிறது. ஆக, வாசகியின் அம்மா எச்சரித்தது வீண் அல்ல: அந்த வளையத்துக்குள் மரம் பலவீனமாக இருக்கலாம். ஊசியால் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் ஏதோ இருக்கிறது என்று பயந்து நல்ல முதிரைப் பலகையையும் பாலைப் பலகையையும் அடுப்புக்குக் கொடுக்கிறார்களே, அதைப் பார்க்கத்தான் வயிறு எரிகிறது. நம் வறண்ட வலய மரங்கள் ஒவ்வொன்றும் இரும்போடு எப்படி நடந்துகொள்கிறது என்று அளந்து ஓடாவிமாருக்குப் புரியும் தமிழில் எழுதி வைக்கப் பெரிய பணம் தேவையில்லை. திருகோணமலை வளாகத்து மாணவர் ஒருவரின் ஆய்வுக்கு அது போதுமான தலைப்பு. இப்படிச் சின்ன வேலைக்கு நிதி ஒதுக்குவதைப் பெரிய திட்டங்களுக்கு ஒதுக்குவது போலவே மதிக்க வேண்டும் என்பது என் கருத்து.

கறுப்பு வேண்டாம் என்றால் பிலிம்பிக்காய்ச் சாற்றைத் தேய்த்துப் பாருங்கள். அதிலுள்ள ஒட்சாலிக் அமிலம் இரும்பைத் தனினிடமிருந்து பிடுங்கிக் கரைத்துவிடும். பிறகு நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். கதவில் பழைய பெயின்ற் இருந்தால் உலர்வாக அரத்தாள் போட வேண்டாம், அதில் ஈயம் இருக்கக்கூடும். தட்டைப் பூட்டும்போது பழைய ஓட்டையை விட்டுத் தள்ளித் துளையிட்டு, பித்தளைத் திருகாணி போடுங்கள்.